பக்கந்தான்

மூன்று ஜோடி சாக்ஸ் போதுமா, நாலு வேண்டுமா என்கிற இடத்தில் பிரம்மசக்தி மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளமீன் குழம்பு வயிற்றில் கனத்துப் படு படு என்கிறது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் டொக்கென்று தட்டுகிறது, அவள் கதவைத் தாழ்ப்பாள் போடாமல், போட்டால் சத்தம் கேட்குமே, வெறுமனே சாத்திவைத்துவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பு நிற எக்ஸ்ரே கவர். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் வீட்டில் வேறென்ன காகிதம் இருக்கும், அதன் முதுகில்தான் பட்டியல். சாக்ஸ் என்று எழுதி மூன்று போட்டு, அடித்து நாலு போட்டு, அதையும் அடித்து மறுபடி மூன்று. கால் என்னவோ இரண்டுதான். முப்பத்தொன்பது வயதுவரை கம்பளி சாக்ஸைக் கையால் தொட்டே பார்க்காதவள், கஜகஸ்தானில் செப்டம்பர் ராத்திரி எப்படிக் குளிரும் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? குளிர் என்றால் அவளுக்குக் குற்றாலம், அதை விட்டால் எக்ஸ்ரே அறையின் ஏசி. இன்னும் பதினோரு நாள். திருநெல்வேலியில் ரயில் ஏறிச் சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து அல்மாத்தி, அங்கே இரண்டு நாள், பிறகு ரயில், ரயில், ரயில். ஒரு பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூட ஒருவரும் இல்லாமல், பதினாலு நாள். இதுவரை அவள் தனியாகப் போன தூரம் மதுரை, அதுவும் ஒரு நேர்முகத் தேர்வுக்கு, அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருந்தாள். சாக்ஸ் நாலே இருக்கட்டும். நாலு என்றால் பை கனக்குமே. சாக்ஸ் கனக்கவா போகிறது, எதற்கு இந்தப் பாடு, கனக்கிறது சாக்ஸ் இல்லை என்று அவளுக்கே தெரியும். வெளியே அம்மா முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. கவரைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, சத்தம் நின்றதும் மறுபடி எடுத்தாள்.

போனில் காப்பீட்டுப் படிவம் நேற்றிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. பெயர் போட்டாயிற்று, பாஸ்போர்ட் எண், இரத்த வகை, சர்க்கரை உண்டா, இல்லை, இருதயக் கோளாறு, இல்லை, எல்லாம் போட்டாயிற்று. அதற்கப்புறம் சிவப்பு நட்சத்திரத்தோடு ஒரு கட்டம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், பெயர், உறவுமுறை, கைபேசி எண். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் போகமாட்டேன் என்கிறது. ஆவுடையம்மாள், தாயார், என்று அடித்துப் பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக அழித்தாள். அம்மாவிடம் இருக்கிற போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம், அதற்குமேல் அவளும் கற்கவில்லை, அதுவும் கற்றுத்தரவில்லை. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தன் புரியாத பாஷையில் கூப்பிட்டால் அம்மா என்ன செய்வாள், ராங் நம்பர் என்று சிவப்பை அமுக்குவாள், திரும்பக் கூப்பிட்டால் திரும்ப அமுக்குவாள், முறத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். இவள் சொல்லப்போகிற பொய்யை நம்பி, மகள் சென்னையில் டிரெயினிங்கில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே உட்காருவாள். அதனால் ஜெசிந்தா பெயரைப் போடலாம் என்று நேற்று முடிவு செய்தாள். ஜெசிந்தா அதே ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறவள், இந்தப் பயணம் தெரிந்த ஒரே ஆள், கசகசா ஊருக்கு எப்ப கெளம்புத என்று வாரத்துக்கு நாலுதரம் கேலி செய்கிறவள். "என் பேரப் போடு, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ பெரமு. ஒனக்கு ஏதும் ஒண்ணுன்னா உங்கம்மாகிட்ட வந்து நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்தத் தெம்பு கெடையாது. இப்பவே நீ சொல்லு." "சொல்லணும்ட்டி. சொல்லுதேன்." "என்னத்தச் சொல்லுத, சொல்லாமப் போறதுல உங்க குடும்பத்துக்குப் பழக்கம் உண்டுல்லா." சொன்ன பிறகு ஜெசிந்தா முகம் செத்துவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன் பெரமு என்றாள், தெரியும்ட்டி என்றாள் இவள், இருவரும் டீயைக் குடித்தார்கள், அதில் சர்க்கரை போடவில்லை என்பதைக் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தார்கள். இப்போது கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஜெ என்று அடித்தாள், அதையும் அழித்தாள்.

மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவள் சொல்வது இது. சொல்லிச் சொல்லித் தூக்கத்திலும் வருகிறதாம், அம்மாதான் ஒருநாள் சொன்னாள். படுக்கையோடு கிடப்பவர்களுக்கு எடுக்கும்போது காரீயக் கவசத்தை மாட்டிக்கொள்ளவேண்டும், அது ஆறேழு கிலோ, நெஞ்சில் தொங்கும். அதனால் சுமை அவளுக்குப் புதிதில்லை, முன்பக்கம் சுமந்த உடம்பு பின்பக்கமும் சுமக்கும், அவ்வளவுதானே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கவசத்தோடுதான் காத்திருப்போர் அறைக்கு ஒரு பெயரைக் கூப்பிட வந்தாள், சத்தத்தை அணைத்து வைத்திருந்த டிவியில் மணல்மேல் ஒரு கப்பல் நின்றது. கரையில் ஏற்றி வைத்த கப்பல் இல்லை, நடு மணலில், துருப்பிடித்து, அதன் நிழலில் இரண்டு ஒட்டகம். கீழே எழுத்து ஓடியது, அரால், கஜகஸ்தான், ஒரு காலத்தில் துறைமுகம், கடல் வற்றிப் பின்வாங்கிவிட்டது. கடல் போய்விட்டது, ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு அம்மாள் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள், கடல் இருந்தபோதும் இப்படித்தான் கூட்டியிருப்பாள். கூப்பிட வந்த பெயரை மறந்துவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். முருகேசன் முருகேசன் என்று நினைவு வந்து கூப்பிட்டபோது அந்த முருகேசன் எதிரிலேயே நின்று, எத்தன தடவ கூப்புடுவியம்மா என்றார். அன்று மத்தியானமே போனில் அந்த நாட்டைத் தேடினாள். ரஷ்யாவுக்குக் கீழே, சீனாவுக்கு இடதுபக்கம், இந்தியாவில் முக்கால் பங்குக்கு மேல் நிலம், ஆனால் மொத்த ஜனமே இரண்டு கோடி. பதினாலு நாள்வரை விசா வேண்டாம் என்றது. விசா வேண்டும் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், சோம்பலில் விட்டிருப்பாள். வேண்டாம் என்றதும் மாட்டிக்கொண்டாள். அல்மாத்தியிலிருந்து அரால் ஒரு நாளுக்கு மேல் ரயில், ஜன்னலுக்கு வெளியே முழுக்க வெறும் புல்வெளியாம், ஒரு மரம் பார்க்க மணிக்கணக்காகுமாம். அதைப் படித்தபோது வந்தது ஆசையா பயமா என்று இன்றுவரை அவள் கண்டுபிடிக்கவில்லை. ராத்திரி எதிர் படுக்கையில் யார் இருப்பார்கள்? பையைக் காலடியில் வைப்பதா தலைக்கு வைப்பதா? போன் செத்துப்போனால்? பசித்தால் குதிரைக்கறியா? ரக்மெத் என்றால் அந்த ஊரில் நன்றி. ரக்மெத், ரக்மெத் என்று குளியலறைக் கண்ணாடியில் சொல்லிப் பார்க்கிறாள், உதவி பண்ணுங்க என்பதற்குத்தான் இன்னும் வார்த்தை மனதில் நிற்கமாட்டேன் என்கிறது.

அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ஆள் நாடு விட்டு நாடு போகமுடியுமா என்றால், அவள் வீட்டில் முடியும். அந்த வீட்டில் யாரும் யாரையும் எங்கே என்று கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது, தெரிந்தே ஆகவேண்டுமென்றால் தூரமா என்று கேட்கலாம். மீறி யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பினவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்கவேண்டும். மற்ற வீடுகளில் இதைப் பாதி மறந்துவிட்டார்கள், இங்கே மறக்க வழியில்லை. அன்றைக்கு அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்துக்கு அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தாள், பச்சை ரிப்பனை இவள் பல்லில் கடித்திருந்தாள். அப்பா கோலப்பன், டவுனில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர், கையில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு அறையிலிருந்து வந்தார். கடைக்குப் போகிறவர் பை கொண்டுபோவதில்லை, சோற்றுத் தூக்குதான். "தூரமா போறிய?" என்றாள் அம்மா, சீப்பை நிறுத்தாமல். "இல்ல, பக்கந்தான்" என்றார் அப்பா. இவள் ரிப்பனைத் துப்பிவிட்டு, எங்கப்பா என்று வாயெடுத்தாள், அவ்வளவுதான், அம்மா சீப்பாலேயே மண்டையில் ஒன்று வைத்தாள். "வாயப் பொத்துட்டி, வெளிய போறவங்கள எங்கன்னு கேப்பாவளா." அப்பா சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, நிலைப்படியில், கொஞ்ச நேரம் நின்றார். இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் இருபத்தாறு வருஷமாகக் கிடக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றார்? வாரு மாட்டவில்லையா, வெயிலைப் பார்த்தாரா, கேட்கட்டும் என்று நின்றாரா? கேட்டிருந்தால் வழக்கப்படி திரும்பி உள்ளே வந்திருக்கவேண்டும், உட்கார்ந்திருக்கவேண்டும், தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் மனசு மாறாதா, மாறும், ஒரு செம்புத் தண்ணீர் போதும் சில மனசுக்கு. பின்னி முடித்து இவள் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வரவில்லை, மறுநாள் வரவில்லை, மூன்றாம் நாள்தான் அம்மா அலமாரியில் சவரப் பெட்டியும் இரண்டு வேட்டியும் இல்லை என்பதைக் கண்டாள். போலீஸ், கோயில், ஜோசியம், திருச்செந்தூரில் பார்த்தேன் என்று ஒருவர், பம்பாயில் பார்த்தேன் என்று ஒருவர், எல்லாம் ஆகி ஓய்ந்தது. அம்மா சத்துணவு ஆயாவாக வேலைக்குப் போனாள். ஒரு வருஷம் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை, பிறகு ஒருநாள் போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்கே என்பது மட்டுமில்லை, தூரமா என்பதும் இல்லை. இவள் வாரேம்மா என்பாள், அம்மா தலையை அசைப்பாள்.

ஆக, திட்டம் இதன் மேல்தான் நிற்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்கிறது. பதினோராம் நாள் காலையில் வாரேம்மா, சென்னையில டிரெயினிங்கு, பதினஞ்சு நாளு என்பாள். அம்மா தலையை அசைப்பாள். எங்கே தங்குவாய், யார் கூட, என்ன டிரெயினிங், ஒன்றும் வராது. கேட்காதவளிடம் பெரிய பொய் எதற்கு, சின்னப் பொய்யே போதும். சொன்னால்தான் என்ன, அம்மா வேண்டாம் என்று தடுக்கிற ஆளா? தடுக்கமாட்டாள். அதுதான் பிரச்சனையே. தடுத்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். அம்மா சரி என்று தலையை அசைத்துவிட்டு அந்தப் பதினாலு நாளும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், அறுபத்தாறு வயதில், முட்டு வலியோடு, மறுபடியும் தாழ்ப்பாள் போடாமல். அதை நினைத்துக்கொண்டு எந்தப் புல்வெளியைப் பார்ப்பது. அதனால் சொல்லாமல் இருப்பது அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்காகத்தானா? ஏட்டி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. மின்விசிறி டொக்கென்றது. அவளுக்கு உண்மையான பயம் குதிரைக்கறியும் இல்லை, எதிர் படுக்கைக்காரனும் இல்லை. அந்த ரயிலில் இரண்டாம் நாள் காலையில் எழுந்து ஜன்னலைப் பார்க்கும்போது, ஒரு மரம்கூட இல்லாத அந்த வெளியைப் பார்க்கும்போது, திரும்பிப் போகவேண்டாம் என்று தோன்றிவிட்டால்? சந்தோஷமாக இருந்துவிட்டால்? அப்பாவுக்கும் முதலில் பக்கமாகத்தான் இருந்திருக்கும், சங்கரன்கோவில், ராஜபாளையம், ஒரு பஸ், இன்னொரு பஸ், ஒவ்வொன்றும் பக்கந்தான், பக்கந்தான் என்று சொல்லிக்கொண்டே திரும்ப முடியாத இடத்துக்குப் போயிருப்பார். மூக்கு அவரைப் போல, நடை அவரைப் போல, நின்று யோசிக்கிற நேரத்தில் இடது கால் கட்டைவிரலைத் தரையில் தேய்ப்பதுகூட அவரைப் போல என்று அத்தைமார் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். அவரும் பட்டியல் போட்டிருப்பாரோ? சவரப் பெட்டி ஒன்று, வேட்டி இரண்டா மூன்றா என்று இதே அறையில், இதே மாதிரி ஒரு மத்தியானத்தில், இதே அம்மா வெளியே முறத்தைத் தட்டிக்கொண்டிருக்க, அடித்து அடித்து எழுதியிருப்பாரோ? திரும்பும் டிக்கெட்டைப் போனில் திறந்து தேதியைப் பார்த்தாள், இருக்கிறது, அழுத்திப் பார்த்தாலும் மாறவில்லை. இன்று மட்டும் அதை ஏழாவது தடவை பார்க்கிறாள்.

பருப்புப்பொடி என்று பட்டியலில் எழுதி அதன் எதிரே கேள்விக்குறி போட்டிருந்தாள். கடையில் விற்கிற பொடியில் காயம் தூக்கலாக இருக்கிறது, அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அம்மா திரிக்கிற பொடி இருந்தால் எந்த நாட்டிலும் ஒரு பிடி சோற்றையோ ரொட்டியையோ உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் அம்மாவிடம் பொடி கேட்டால் எத்தனை நாளைக்கு என்பாள். அது கேட்கலாம், அதற்கு வழக்கத்தில் தடையில்லை. பதினாலு நாளைக்கு என்றால் துவரம்பருப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று கைபார்த்து அளப்பாள், அளந்துகொண்டே எல்லாவற்றையும் அறிந்துகொள்வாள். சென்னை டிரெயினிங்கில் சாப்பாடு போடமாட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போயிற்று. பொடி வேண்டாம். பொடியை அடித்தாள். சாக்ஸ் நாலு. மணி நாலரை. எழுந்து பீரோவுக்குப் பின்னாலிருந்து பையை இழுத்தாள், ஐம்பது லிட்டர், மயில்நீலம், ஸ்கேன் சென்டர் முகவரிக்கு வரவழைத்தது. உள்ளே ஏற்கெனவே எட்டு கிலோ அரிசி, நாலு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள். சுமந்து பழகவேண்டும் என்று இணையத்தில் எல்லாப் பயணிகளும் சொல்கிறார்கள், வீட்டில் எட்டு கிலோவுக்கு வேறென்ன இருக்கிறது, அரிசிதான். ஒரு மாதமாக ஞாயிறுதோறும் அம்மா அம்மன் கோயிலுக்குக் கிளம்பியதும் டிரம்மிலிருந்து அரிசியை அள்ளிப் பையில் போட்டு, வண்ணாரப்பேட்டைப் பாலம்வரை நடந்து, திரும்பி வந்து, அம்மா வருவதற்குள் அரிசியை டிரம்மில் கொட்டி மட்டத்தைக் கையால் நிரவி வைத்துவிடுவாள். இன்று அம்மாவுக்கு முட்டுவலி, கோயில் இல்லை என்று காலையில் சொன்னபோதே இவள் கலங்கிப்போனாள், ஆனால் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அரிசியை எடுத்துக்கொண்டாள், நடக்காமல் விட்டால் பதினோராம் நாள் தோள் எப்படித் தாங்கும். ஜெசிந்தா பை, தைக்கக் குடுத்தா, கொண்டு குடுத்துட்டு வாரேன். இதைச் சொல்லலாம். நன்றாகவே இருக்கிறது. வாரை இழுத்து மாட்டினாள். தோளில் அரிசி அமர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அம்மா வாசல் நிலைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீட்டிய காலைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டக்கூடாது என்பதால் அம்மாவே காலை மடக்கினாள். பையைப் பார்த்தாளா? கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தைக்கக் கொடுத்தது என்று சொல்லத் தேவையே இல்லை போலிருக்கிறது. இவள் நிலைப்படியில் இறங்கி, ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் துழாவினாள். "வாரேம்மா" என்றாள்.

"தூரமா?"

இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் ஒலிக்காத சொல் அது. கீரை உருவுகிற விரல்களுக்கு நடுவிலிருந்து, சீப்பை நிறுத்தாமல் கேட்ட அதே குரலில் வந்தது. இவள் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பாள், வாய் தானாகத் திறந்து, "பக்கந்தான்" என்றது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பொய்யுமில்லை, வண்ணாரப்பேட்டைப் பாலம் பக்கந்தான், ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அது அவள் குரலாக இல்லை. அம்மாவின் கை முறத்தில் நின்றது. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. இவள் இடது கால் கட்டைவிரலைப் படியில் தேய்த்துக்கொண்டு நின்றாள், அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிற்காதே, இறங்கு, இறங்கினால் பாலம், திரும்பினால் வீடு, பதினோராம் நாள் ஒரு தலையசைப்பு. இறங்கவில்லை. கொஞ்ச நேரம் என்பது இவ்வளவு நேரம்தானா, இதற்குள் ஒரு மனுஷன் எத்தனை நினைத்திருக்கலாம், யாராவது கேளுங்கள், யாராவது கேட்டால் நான் உள்ளே வந்துவிடுவேன்.

"அரிசிய முதுகுல கட்டிக்கிட்டு எங்கட்டி போற?"

அவள் திரும்பினாள். அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் கோபம் இல்லை. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அம்மாவுக்கும் தெரியும், அந்த வழக்கத்தைத் தெருவுக்கே சொல்லிக்கொடுக்கிறவள் அவள். இவள் மாட்டிய செருப்பைக் கழற்றினாள். படியேறி உள்ளே வந்து, பையைக் கழற்றத் தோன்றாமல், அதோடு தரையில் உட்கார்ந்தாள். சாய முடியவில்லை, நிமிர்ந்துதான் உட்காரவேண்டியிருந்தது. அம்மா முட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இவள் அண்ணாந்து குடித்தாள், பாதி சட்டையில் வழிந்தது. ம், விடுங்க. விட்டாள்.

"கஜகஸ்தான்னு ஒரு நாடும்மா. டெல்லிக்கும் மேல, ரொம்ப தூரம்."

"ஆரு கூட?"

"தனியா."

"எத்தன நாளு?"

"பதினாலு. பதினஞ்சாம் நாளு இங்கன இருப்பேன்." செம்பை நீட்டினாள். "வந்துருவேம்மா. அதான் எனக்கே பயமா இருக்கு, வந்துருவேன்."

அம்மா செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் இரண்டு செருப்பும் இரண்டு பக்கமாகக் கிடந்தன. "டிரம்முல அரிசிய யாரு நிரவி நிரவி வைக்கான்னு ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்." வாசலிடமே கேட்பதுபோல, "அன்னைக்கு நான் கேட்டிருந்தா, அவிய இப்படித் திரும்பி வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பாவல்லாட்டி?" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக இவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்த கேள்வி. குடிச்சிருப்பாவ என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு வலிக்கும். அவள் அம்மாவின் முட்டில் கையை வைத்தாள். முதுகில் அரிசி சரிந்து சரசரத்தது. பிறகு அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, கீரையை உருவ ஆரம்பித்தாள்.

"அந்த அரிசிய எடுத்து டிரம்முல கொட்டு. பதினாலு நாளைக்குப் பருப்புப்பொடி நாளைக்குத் திரிச்சுத் தாரேன். அதத் தூக்கிட்டு நடந்து பழகு."